ரோபோவுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?

2022 அக்டோபர்ல லண்டன்ல ஒரு கூத்து நடந்துச்சு. ஐ-டான்னு ஒரு ரோபோ, பொம்பள முகம், கழுத்தளவு வெட்டுன கருப்பு முடி, கை மட்டும் மெஷின்னு பட்டவர்த்தனமா தெரியும். அத பிரிட்டிஷ் நாடாளுமன்ற மேலவைக் கமிட்டி முன்னாடி கொண்டாந்து நிறுத்தி, தொழில்நுட்பத்தால கலைக்கு நல்லதா கெட்டதான்னு கேள்வி கேட்டாங்க. கேள்வியெல்லாம் முன்கூட்டியே குடுத்தாச்சு, அப்படியும் நடுவுல மக்கர் பண்ணிருச்சு, அத உருவாக்குன ஆளு வந்து ஒரு கருப்புக் கண்ணாடிய மாட்டிவிட்டு திரும்ப ஆன் பண்ணாரு. நான் சிரிச்ச சிரிப்புல வீட்டுக்காரரு என்னமோ ஆயிருச்சுன்னு குசினியிலிருந்து ஓடி வந்துட்டாரு.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தக் கமிட்டித் தலைவி ஒன்னு சொன்னாங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசுல நின்னுச்சு. இந்த ரோபோ சாட்சி கிடையாது, மனுஷங்களுக்கு உள்ள அந்தஸ்து இதுக்கு இல்ல, இது என்ன சொன்னாலும் பொறுப்பு உங்களோடதுன்னு, பக்கத்துல இருந்த அந்த ஆளப் பாத்து சொல்லிட்டாங்க. எவ்ளோ பெரிய சபை, ஆனா தெளிவா பேசிட்டாங்க.

எனக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேப்பீங்க. நான் இருக்குறது மலேசியாவுல, சிலாங்கூர் மாநிலத்துல பெஸ்தாரி ஜெயா, பழைய ஆளுங்களுக்கு இன்னமும் பத்தாங் பெர்ஜுந்தாய்தான். சுத்தி செம்பனை, அதுக்கு முன்ன ரப்பர், ஈயம் தோண்டுன பள்ளமெல்லாம் இப்ப ஏரியாக் கெடக்கு. எங்க தாமான்ல, அதான் குடியிருப்புல, முக்காவாசிப் பேரு தோட்டத்துலேர்ந்து வெளிய வந்த குடும்பங்க. நான் குடியிருப்பாளர் சங்கத்துல செயலாளர், செயலாளர்னா பெருசா ஒன்னுமில்ல, கூட்டத்துல மினிட், அதான் கூட்டக் குறிப்பு, எழுதுறது, கவுன்சிலுக்கு லெட்டர் அடிக்கிறது, கூட்டம் முடிஞ்சதும் நாற்காலி மடக்குறது. யாரு பேசுனா, யாரு பேசல, யாரு பேச வந்துட்டு வாய மூடிக்கிட்டா, இதெல்லாம் எங்க ஊருல என்னைய விட நல்லாத் தெரிஞ்சவங்க இருக்க முடியாது.

பக்கத்து வீட்டுப் பையன் வெளியூர்ல ரோபோட்டிக்ஸ் படிக்கிறான். லீவுக்கு வந்தவன் ஒருநாள் சாயங்காலம் டவுன் கடையில என்னையப் பாத்துட்டு தே தாரேவத் தூக்கிக்கிட்டு எதிர்ல வந்து உக்காந்து ஆரம்பிச்சிட்டான், ஆண்ட்டி உங்க கூட்டத்துல மனுஷ உருவத்துல செஞ்ச ஒரு ஹியூமனாய்டு ரோபோவும் ஒரு ஆளா உக்காந்து பேசுனா எப்படி இருக்கும், சட்டமெல்லாம் அதுக்கு அத்துப்படி, தமிழ் மலாய் சீனம் மூனும் பேசும், யாரையும் திட்டாது, கோவப்படாது, ஜாதி பாக்காது, கட்சி பாக்காதுன்னு. யூனிட்ரீன்னு சீனாக்காரன் கம்பெனி 2024ல ஜி1னு ஒரு மாடல் விட்டுச்சாம், ஒன்னே கால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல உயரம், ஆரம்ப விலை 16,000 அமெரிக்க டாலர், அன்னைக்கு ரேட்டுல எழுபதாயிரம் மலேசிய வெள்ளிக்கு மேல. விலை வருஷா வருஷம் எறங்கும், ஒருநாள் நம்ம தேவான் மண்டபத்துக்கே ஒன்னு வாங்கலாம் ஆண்ட்டின்னான். எங்க தேவானுக்கு ஃபேன் ரிப்பேர் பண்றதுக்கே காசு இல்லடான்னேன்.

பக்கத்து மேசையில எங்க பழைய தோட்டத்து மாமா ஒருத்தர் உக்காந்திருந்தாரு. எண்பது தாண்டிட்டாரு, நாப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் பால் மரம் வெட்டுன கை. எல்லாத்தையும் கேட்டுட்டு பையனப் பாத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு.

"அதெல்லாம் சரி தம்பி. அதுக்கு யாரு சம்பளம் குடுக்குறா?"

பையன் சிரிச்சிட்டு, தாத்தா ரோபோவுக்கு சம்பளமே கிடையாதுன்னான். மாமா விடல. "கரண்டு போடுறது ஒருத்தன் இருப்பான்ல. சம்பளம் இல்லன்னு எவன் சொன்னாலும் நம்பாத, எங்கேர்ந்தாவது வரும்."

தோட்டத்துக்கு ஆள் சேத்து வேல வாங்குன கங்காணியப் பாத்த தலமுறை பேசுற பேச்சு அது. இப்ப உள்ள பசங்களுக்கு கங்காணின்னா மீசையும் தலப்பாவும் வச்ச ஒரு வில்லன், அவ்ளோதான். அவன் வெளி ஆள் இல்லங்க, நம்ம ஆளு, நம்ம பாஷை பேசுறவன், நம்ம ஊர்ப் பக்கத்துக்காரன், கல்யாணம் கருமாதின்னா முன்ன வந்து நிக்கிறவன். தொரைகிட்ட நம்ம சார்பா பேசுறவனும் அவன்தான், தொரை சொன்னத நம்மகிட்ட வந்து சொல்றவனும் அவன்தான். ஆனா காலைல பெரட்டுக்கு, அதான் ஆள் எண்ணுற எடத்துக்கு, எத்தன தல வந்து நிக்குதோ அதக் கணக்குப் பண்ணி அவனுக்குக் காசு. காய்ச்சல்ல படுத்துக் கெடக்குறவன எழுப்பி வேலைக்கு வெரட்டுனா அவனுக்கு லாபம். இப்ப சொல்லுங்க, அவன் நம்ம சார்பா பேசுறப்ப எவ்ளோ தூரம் பேசுவான்? 1938ல இந்தியாவுலேர்ந்து கூலி ஆள் அனுப்புறத அந்த ஊரு அரசாங்கம் நிறுத்துனதோட கங்காணி போய் ஆள் கட்டிட்டு வர்ற முறை முடிஞ்சிருச்சு, நடுவுல நின்னு பேசுற ஆளு மட்டும் வேற வேற பேருல இருந்துக்கிட்டுதான் இருந்தான்.

ஹியூமனாய்டு ரோபோவ நெனைக்கிறப்ப எனக்கு இந்த ஆளுதான் ஞாபகத்துக்கு வர்றான். நம்ம மாதிரியே மூஞ்சி, நம்ம பாஷை, நம்ம பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரும், நீங்க சொல்றது புரியுதுன்னு தல ஆட்டும். கணக்கு எங்க போய் சேருதுன்னு மட்டும் நமக்குத் தெரியாது. அத செஞ்ச கம்பெனியா, வாங்கிக் குடுத்த கட்சியா, எங்க ரோட்டுல மணல் லோரி விடுற முதலாளியா? லோரிக்காரன் ஒருத்தன் கூட்டத்துல வந்து உக்காந்தா எல்லாருக்கும் அவன் யாருன்னு தெரியும், அவன் பேச்ச அதுக்கேத்த மாதிரி எடுத்துக்குவோம். அந்த ரோபோவுக்குள்ள யாரு உக்காந்திருக்கான்னு எப்படி எடுத்துக்குறது?

அடுத்தது பேசுறதுக்கு ஒரு விலை இருக்கு, அந்த விஷயம். 1941ல கிள்ளான் வட்டாரத்துல தோட்டத் தொழிலாளிங்க பண்ணுன ஸ்ட்ரைக் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. தமிழ் நேசன் பத்திரிகையில வேல செஞ்ச ஆர்.எச். நாதன்தான் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்த வச்சு முன்ன நின்னவரு. கோரிக்கையப் படிச்சா இன்னைக்கும் நெஞ்சு அடைக்கும், சம்பளம் சீனத் தொழிலாளிக்குச் சமமா வேணும், கள்ளுக்கடைய மூடணும், நம்ம பொம்பளைங்கள சீண்டுறத நிறுத்தணும், அதுகூட இன்னொன்னு, தொரைமாரு, கிராணிங்கிற கணக்குப்புள்ளைமாரு எதிர்ல வந்தா சைக்கிள விட்டு எறங்கணும்ங்கிற வழக்கத்த ஒழிக்கணும். சைக்கிள விட்டு எறங்குறது! அதையும் பட்டியல்ல எழுதி, சம்பளத்தோட சரிசமமா வச்சிருக்காங்க. எழுதுனவங்களுக்கு என்ன நடந்துச்சு? நாதனப் புடிச்சு நாடு கடத்துனாங்க, ராணுவம் வந்துச்சு, துப்பாக்கிச் சூட்டுல ஆளுங்க செத்தாங்க.

எங்கப்பா காலத்துல அந்த அளவுக்கு இல்லன்னாலும் வேற ஒரு பயம் இருந்துச்சு. வீடு தோட்டத்து வீடு, லயத்து வீடு, வேல போனா வீடும் போச்சு. தோட்டத்து மேனேஜர் முன்னாடி கைய ஒசத்திப் பேசணும்னா வீட்டுல சட்டி பானை, புள்ளைங்க பள்ளிக்கூடம், கோயில் கொட்டாய் எல்லாத்தையும் பணயம் வச்சுதான் பேசணும். அதனாலதான் ஒருத்தன் எந்திரிச்சுப் பேசுனா மத்தவன் அத காது குடுத்துக் கேப்பான், இவ்ளோ இருந்தும் பேசுறான்னா ஏதோ இருக்குன்னு. ரோபோ எதப் பணயம் வைக்கும்? அதுக்கு வீடு போகாது, புள்ள கெடையாது, வெள்ளம் வந்தா மெத்தையத் தூக்கி மேசை மேல வைக்க வேணாம், மணல் லோரித் தூசிய மூச்சுல இழுக்காது. அது சொல்றது சரியாவே இருக்கலாம், சட்டப்புஸ்தகமும் சரியாத்தான் சொல்லுது, அதுக்காக சட்டப்புஸ்தகத்துக்கு நாம நாற்காலி போட்டு ஓட்டா குடுக்குறோம்?

சோஃபியா ரோபோவுக்கு 2017 அக்டோபர்ல சவூதி அரேபியா குடியுரிமை குடுத்துச்சுன்னு செய்தி வந்தப்ப உலகமே அதப் பத்திப் பேசுச்சு. அந்த சமயத்துல அந்த ஊரு பொம்பளைங்க கார் ஓட்ட முடியாது, 2018 ஜூன்லதான் அனுமதி வந்துச்சு. அது அந்த ஊரு கத. எனக்கு வயிறு எரிஞ்சது வேற காரணத்துக்கு. எங்க தாமான் கடைசி வரிசையில ஒரு பாட்டி இருக்காங்க, மலாயாவுல, இதே சிலாங்கூர்ல, தோட்டத்துல பொறந்தவங்க. பொறப்புப் பத்திரம் ஒழுங்கா இல்ல, மெர்டேக்கா, அதான் சுதந்திரம் வந்த சமயத்துல யாரும் எழுதிக் குடுக்கல, கையெழுத்துப் போடத் தெரியாது. அதனால வாழ்நாள் முழுக்க சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவங்களோட அடையாள அட்டை. எத்தன ஃபாரம், எத்தன தடவ பதிவிலாகா, எத்தன ஒய்.பி. (தொகுதி உறுப்பினர்) கிட்ட மனு. 2018ல மகாதீர் அரசாங்கம் 60 வயசு தாண்டுன சிவப்பு ஐ.சி. இந்தியர்களுக்கு குடியுரிமை தர்றோம்னு சொன்னப்ப பாட்டி புதுச் சேலையெல்லாம் எடுத்து வச்சாங்க, அவங்க ஐ.சி. இன்னும் சிவப்பாத்தான் இருக்கு. ஓட்டுப் போட்டதில்ல. ஆனா எங்க கூட்டம் ஒன்ன விட மாட்டாங்க, மழன்னாலும் கொடயப் புடிச்சுக்கிட்டு வந்து உக்காந்துருவாங்க. மரம் வெட்டி இந்த நாட்டுக்கு பால் எறக்குன கைக்கு குடிமக்களோட நீல ஐ.சி. இல்ல, ரெண்டு வயசுகூட முடியாத பொம்மைக்கு குடியுரிமை குடுக்கலாமாம். ரோபோவும் ஜனநாயகமும்னு யாராவது பேச்ச எடுத்தா நான் மொதல்ல இந்தப் பாட்டிய எங்க உக்கார வைக்கப் போறீங்கன்னு கேப்பேன்.

இதுவரைக்கும் ரோபோ பேசுன பெரிய கூட்டமெல்லாம் ஷோதான். 2018ல பெப்பர்னு ஒரு ரோபோவ பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கல்விக் கமிட்டி முன்னாடி கொண்டு வந்தாங்க, அதுவும் எழுதி வச்சதுதான். 2023 ஜூலையில ஜெனீவாவுல ஒம்பது ரோபோவ வரிசையா வச்சு பத்திரிகைக்காரங்கள கூப்புட்டாங்க. சோஃபியா சொல்லுச்சு, மனுஷத் தலைவர்கள விட ரோபோ நல்லா நிர்வாகம் பண்ணும்னு. பக்கத்துல இருந்த அத உருவாக்குனவரு அப்படி இல்லன்னு மறுத்ததும் உடனே, ஆமா ரெண்டு பேரும் சேந்து வேல செஞ்சாதான் நல்லதுன்னு மாத்திப் பேசுச்சு. எனக்கு எங்க பழைய கமிட்டி ஆளுங்க ஒன்னு ரெண்டு பேரு கண்ணு முன்னாடி வந்து போனாங்க. மேசையில யாரு உக்காந்திருக்காங்கன்னு பாத்து பேச்ச மாத்துறதுக்கு நமக்கு எழுபதாயிரம் வெள்ளி செலவு பண்ண வேண்டிய அவசியமே இல்ல.

பையனும் சும்மா விடல. மனுஷங்க மட்டும் ஒழுங்கா பேசுறீங்களா ஆண்ட்டி, உங்க மினிட் புக்க நீங்களே எடுத்துப் பாருங்கன்னான்.

நல்லாக் கேட்டான். எங்க மினிட் புக்கப் பாத்தா தலைவர் சொன்னார், துணைத்தலைவர் சொன்னார், பொருளாளர் ஆட்சேபித்தார், இதுதான் பக்கம் பக்கமா. மைக்கு தலைவர் கையில, அவரு குடுத்தா துணைத்தலைவர் கைக்கு, அங்கேர்ந்து அது முன்வரிசையத் தாண்டாது. மணல் லோரிக்காக கூட்டம் போட்டப்ப ராத்திரி பத்து வரைக்கும் பேசுனாங்க, லைசென்ஸ், அனுமதி, கட்சி, பழைய பகை எல்லாம் வந்துச்சு. முடிஞ்சு எல்லாரும் வெளிய செருப்பத் தேடிக்கிட்டு நிக்கிறப்ப, பின்னாடியே உக்காந்திருந்த அக்கா ஒருத்தவங்க என் காதுக்குள்ள சொல்றாங்க, "லோரி ஓடுறதுகூட பரவால்லம்மா, விடியக் காலம் எங்க வாசல்ல எஞ்சின ஓட விட்டுட்டு தூங்குறான் பாரு, அந்தப் பொகைலதான் பேரனுக்கு இழுப்பு வருது, வரிசையா நிக்க வேற எடம் குடுத்தா போதும்". அவ்ளோதான்! ரெண்டு மணி நேரம் கத்துனதுல யாரும் சொல்லாத ஒன்னு. லோரிய நிறுத்த வேணாம், நிக்கிற எடத்த மாத்துனா போதும். அத நான் மினிட்ல எழுத முடியல, ஏன்னா கூட்டத்துல யாரும் சொல்லலையே. மினிட்ல இருக்குறது "லோரி விவகாரம் விரிவாக விவாதிக்கப்பட்டது".

இந்த அக்காவ பேச வைக்க ஒரு மெஷினால முடியும்னா நான் எழுந்து நின்னு கும்புடுவேன். தேடிப் படிச்சதுல, நடக்கவும் கூடும் போலத் தெரியுது. அமெரிக்காவுல யேல் பல்கலைக்கழகத்துக்காரங்க 2020ல வெளியிட்ட ஆராய்ச்சியில 153 பேர 51 குழுவாப் பிரிச்சு, ஒவ்வொரு மூனு பேரோடயும் ஒரு சின்ன ரோபோவ உக்கார வச்சு, டேப்லட்ல ரயில் பாத போடுற ஒரு கேம் ஆட விட்டிருக்காங்க. சில குழுவுல ரோபோ, இந்த ரவுண்டுல நான்தான் தப்பு பண்ணிட்டேன் மன்னிச்சுக்குங்கன்னு சொல்லும், சில குழுவுல ஸ்கோர் மட்டும் சொல்லும், இல்ல வாயே தொறக்காது. தன் தப்ப ஒத்துக்கிட்ட ரோபோ இருந்த குழுவுல மனுஷங்க தங்களுக்குள்ள கூடுதலாப் பேசிக்கிட்டாங்களாம், பேச்சும் எல்லாருக்கும் சமமாப் போச்சாம். எங்க கமிட்டியில தப்ப ஒத்துக்குற ஆளு யாருன்னு யோசிச்சுப் பாத்தேன், ரோபோதான் வரணும் போல.

அதவிட எனக்குப் புடிச்சது கார்னெல் பல்கலைக்கழகத்துல 2019ல செஞ்ச மைக்பாட்டுன்னு ஒன்னு. அது வெறும் மைக்கு, மூஞ்சி இல்ல, பேசாது. மூனு பேரு பேசுற மேசைல வச்சா யாரு ரொம்ப நேரமா பேசாம இருக்காங்களோ அவங்க பக்கம் தானா திரும்பும், அவ்ளோதான் அதோட வேல. அப்படி திரும்புறதுலயே பேச்சு கொஞ்சம் சமமாப் பிரிஞ்சிச்சாம், குழுவோட வேலையும் நல்லா வந்துச்சாம். 2024ல கூகுள் டீப்மைண்ட் ஆளுங்க அஞ்சாயிரத்துக்கு மேல பிரிட்டிஷ் மக்கள வச்சு பண்ணுனதும் ஒன்னு இருக்கு, ஒவ்வொருத்தரும் தன் கருத்த எழுதிக் குடுக்க, ஏஐ எல்லாத்தையும் சேத்து எல்லாரும் ஒத்துக்குற மாதிரி ஒரு அறிக்கை எழுதித் தரும், மக்கள் அதத் திருத்துவாங்க, அது திரும்ப எழுதும். மனுஷ மத்தியஸ்தர் எழுதுனதயும் அது எழுதுனதயும் பக்கத்துல வச்சா, ஏஐ எழுதுனதத்தான் கூடுதல் பேரு எடுத்தாங்களாம். கவனிச்சீங்களா, நல்லா வேல செஞ்ச இந்த ரெண்டுலயும் கை கால் கிடையாது. யேல் ரோபோகூட சொந்தக் கருத்து சொல்லி யாரையும் ஜெயிக்கல, மத்தவங்கள பேச விட்டுச்சு.

எதுக்கு மனுஷ உருவம் வேணும்? நம்ம சனங்க மூஞ்சின்னு ஒன்னு இருந்தா மரியாத குடுத்துருவாங்க. கிள்ளான் பக்கம் சில கடையில பூன மூஞ்சி போட்ட ரோபோ தட்டு தூக்கிட்டு வரும், எங்க மாமியாரு தட்ட எடுத்துக்கிட்டு அதுகிட்ட "சாப்டியாம்மா"ன்னு கேட்டாங்க, நெசமாத்தான். அப்படிப்பட்டவங்க முன்னாடி கோட்டு போட்ட ஒரு ரோபோ நல்ல தமிழ்ல பேசுனா, பின்வரிசை அக்கா வாயத் தொறப்பாங்கன்னா நெனைக்கிறீங்க? ஏற்கனவே துணைத்தலைவர் இங்கிலீசுல ஒரு வார்த்த போட்டாலே அடங்கிப் போறவங்க. அதவிட, கூட்டம் நடத்த கொறஞ்சபட்சம் இத்தன பேரு வேணும்ங்கிற ‘கோரம்’ பிரச்சன வேற இருக்கு. எங்க ஆண்டுக் கூட்டத்துக்கு ஆள் சேராம அரை மணி நேரம் காத்துக் கெடக்குறது வாடிக்கை. ரோபோவையும் ஒரு தலையா எண்ணலாம்னு ஒருத்தன் ஆரம்பிச்சா, அடுத்த வருஷம் தலைவர் பதவிக்கு நிக்கிறவன் பத்து ரோபோவ பஸ்ல ஏத்திட்டு வருவான். நம்ம ஊர பத்தி எனக்குத் தெரியாதா!

நம்ம நாட்டுல ஊராட்சித் தேர்தல 1965ல நிறுத்தி வச்சாங்க. அத ஆராய அமைச்ச அரச விசாரணை ஆணையத்துக்குத் தலைவரு செனட்டர் ஆதி நாகப்பன், நம்ம தமிழர். 1968ல அவரு குடுத்த அறிக்கையில தேர்தல் வேணும்னுதான் சொன்னாரு. கேட்டாங்களா? 1976ல ஊராட்சிச் சட்டமே போட்டு, கவுன்சிலர எல்லாம் நியமனம்னு ஆக்கிட்டாங்க. இன்னைக்கு என் வீட்டு வாசல் லாங்காங்குக்கு, அதான் சாக்கடைக்கு, பொறுப்பான கவுன்சிலர நான் தேர்ந்தெடுக்கல, நீங்களும் தேர்ந்தெடுக்கல. அல்பேனியாவுல 2025ல பிரதமர் ஒரு ஏஐ பொம்மைய, டியெல்லான்னு பேரு, அரசாங்க டெண்டருக்கு மந்திரின்னு நியமிச்சாரு, பாரம்பரிய உடுப்பெல்லாம் மாட்டி ஸ்கிரீன்ல வந்து பேசுச்சு. எங்க கூட்டத்துல இதச் சொன்னப்ப ஒருத்தர், நியமனம்னா நமக்குப் பழகிப் போனதுதானே, மனுஷனா இருந்தா என்ன மெஷினா இருந்தா என்னன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க, கவுன்சிலர் மட்டும் சிரிக்கல.

அதனால பையன்கிட்ட நான் வெளிப்படையா சொல்லிட்டேன். ரோபோ உள்ள வரட்டும், ஓட்டு கெடையாது, தலக் கணக்குல கெடையாது, கேட்டா மட்டும் பதில் சொல்லணும், யாரு வாங்கிக் குடுத்தது யாரு கரண்டு போடுறதுன்னு நெத்தியிலயே ஒட்டியிருக்கணும். நெசமாவே எங்களுக்கு உதவி பண்ணனும்னா மூஞ்சி வேணாம்டா தம்பி, ஒரு மைக்கு செஞ்சு குடு, பின்வரிசைப் பக்கம் திரும்புற மாதிரி. கவுன்சில்லேர்ந்து வர்ற மூனு பக்க மலாய்க் கடிதத்த பாட்டிக்குப் புரியுற தமிழ்ல சத்தமா படிக்கட்டும். கூட்டம் முடியுறதுக்கு முன்ன என் மினிட்டையும் படிச்சுக் காட்டி, யாரு சொன்னது விட்டுப் போச்சுன்னு கேக்கட்டும், அதுக்கப்புறம்தான் தலைவர் கையெழுத்துப் போடணும்.

அவன் தே தாரேவ ஒரே மடக்குல குடிச்சிட்டு சொன்னான், "ஆண்ட்டி, அது ரொம்ப ஈஸி. ஆனா ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு கை கால் இல்லன்னா மார்க்கு கெடைக்காது."